எங்கள் அறை விருந்தாளி

அவளை நாங்கள் விருந்தாளி என்றுதான் கூப்பிடுவோம். விருந்தாளி என்றால் இரண்டு நாள் இருந்துவிட்டு, போய் வருகிறேன் என்று கிளம்புகிறவள். இவள் எங்கள் அறையில் கடைசி வருடம் முழுக்க இருந்தாள், அதுவும் விடுதிக்குத் தெரியாமல். “விருந்தாளின்னா ஒரு நாள் கெளம்பணும்டி, தெரியும்ல?” என்று நான் சீண்டுவேன். “டிகிரியக் கையில வாங்கின அன்னிக்கே கெளம்பிடறேன். நீயே அழுது கூப்பிட்டாலும் நிக்க மாட்டேன்” என்பாள்.

நான் சரித்திரம் படித்தேன். கோபம் எனக்கு மூக்கு நுனியிலேயே இருக்கும், அதனால் பட்டாசு என்று பேர் வைத்துவிட்டார்கள். என் அறைத்தோழி வேதியியல். எங்களைவிட இரண்டு மாதம்தான் மூத்தவள், ஆனால் வெறும் வயிற்றில் டீ குடிக்காதே, ஈரத் தலையோடு படுக்காதே என்று நாள் முழுக்க உபதேசம் செய்வாள். ஆகவே அவள் பெரியம்மா. விருந்தாளி பெரியம்மாவின் வகுப்புத் தோழி. இரண்டு வருடம் எங்கள் எதிர் அறையில் முறையாகப் பணம் கட்டித்தான் இருந்தாள்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் கல்லூரி, விடுதியை ஒரு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தது. அவர் வந்து சுவருக்கு வெள்ளையடித்தார், வாசலிலும் சாப்பாட்டு அறையிலும் அட்டை தேய்க்கிற மெஷின் வைத்தார், கட்டணத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக ஏற்றினார். வெள்ளை ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை. கட்டணம் மட்டும் கல்லு மாதிரி நின்றது.

அதற்குப் பிறகு விடுதியில் பாதிப் பேர் டயட்டில் இருந்தார்கள். காலையில் பசிக்கவில்லை என்பார்கள், ராத்திரி உடம்பைக் குறைக்கிறேன் என்பார்கள். குறைப்பதற்கு அவர்களிடம் உடம்பு எங்கே இருந்தது? ஒரு புத்தகத்தை நாலு பேர் சேர்ந்து வாங்கி, பாடம் பாடமாகக் கிழித்துப் பிரித்துக்கொண்டார்கள். மூன்றாம் பாடம் யாரிடம் இருக்கிறது என்று பரீட்சைக்கு முந்தைய நாள் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு திரிவோம். இதையெல்லாம் நாங்கள் கஷ்டம் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. கேலி பண்ணிக்கொண்டோம். வேறு என்ன பண்ணுவது?

விருந்தாளியால் கேலி பண்ணிக்கூடச் சமாளிக்க முடியவில்லை. அப்பா கிடையாது. அம்மா, படுக்கையில் கிடக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். மகளின் படிப்புச் செலவு ஏற ஏற, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, வேலை செய்யும் வீட்டிலேயே அடுப்படிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். ஆகக்கூடி இவளுக்கு வீடு என்று ஒன்று இல்லை. விடுமுறைக்குப் போனால்கூட அம்மாவை அந்த வீட்டு வாசலில் வைத்துப் பார்த்துவிட்டு வருவாள். கல்லூரிக் கட்டணத்தை அம்மா எப்படியோ கட்டிவிட்டார். விடுதிக்கு வழியில்லை. விருந்தாளி அறையைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனாள். போனவள் அங்கேயே நின்றாள். எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரியம்மாதான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். “ரெண்டு கட்டிலுக்கு நடுவுல ஒரு ஆள் படுக்கலாம். நீ என்ன யானையா?” என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒளிந்து வாழ்வதற்குத் தனித் திறமை வேண்டும். தினம் சாயங்காலம் வார்டன் மேடம் அறை அறையாக வந்து தலை எண்ணுவார். அந்த நேரத்தில் விருந்தாளி வாளியைத் தூக்கிக்கொண்டு குளிக்கப் போய்விடுவாள். குளிக்கிறவளை யாரும் எண்ணுவதில்லை. மழையோ குளிரோ, தினம் அதே நேரத்துக்குக் குளியல். எங்கள் விடுதியிலேயே சுத்தமான பெண் அவள்தான் என்று நாங்கள் சிரிப்போம். அவளும் பல் கிடுகிடுக்கச் சிரிப்பாள்.

வாசலைத் தாண்ட அட்டை வேண்டுமே! ஒருத்தி உள்ளே வந்ததும் தன் அட்டையைப் பென்சில் பையில் போட்டுப் பின்பக்க ஜன்னல் வழியாக எறிவாள். விருந்தாளி கீழே நின்று பிடிப்பாள். அட்டையில் இருக்கும் படம் அட்டைக்காரி மாதிரியே இருக்காது, பிறகு அடுத்தவள் மாதிரி இல்லை என்று யார் கண்டுபிடிப்பார்கள்? சாப்பாட்டு அறையில் ஒரு அட்டைக்கு ஒரு தட்டு. பெரியம்மா இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று சோறு வாங்கி டப்பாவில் அடைத்து எடுத்து வருவாள். “இத்தனையும் சாப்பிட்டு எங்கதான்மா போகுது உனக்கு?” என்று பரிமாறுகிற அக்கா கேட்பார். “எங்க வம்சமே அப்படித்தான்க்கா” என்பாள் பெரியம்மா, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

விருந்தாளி ஓசியில் இருந்தாள் என்று நினைக்காதீர்கள். கீழ் வகுப்புப் பெண்களுக்கு ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடுப்பாள். குடுவை, குழாய், விளக்கு எல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும். கிடைப்பதில் எங்களுக்கு சோப்பும் ஷாம்பூவும் வாங்கி வருவாள். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடும், அதனால் வாங்கிக்கொள்வோம். எங்கள் துணியையும் சேர்த்துத் துவைத்துவிடுவாள். அதற்கு மட்டும் நான் சண்டை போடுவேன். “நீ என்ன இந்த வீட்டு வேலைக்காரியா?” என்று ஒரு நாள் கத்திவிட்டேன். “சும்மா இருக்கக் கூச்சமா இருக்குடி” என்றாள்.

அவளுக்கு ஒரே ஒரு கனவு. மருந்து தயாரிக்கும் கம்பெனி ஒன்று அவளை நேர்காணலில் எடுத்திருந்தது. பரிசோதனைக் கூடத்தில் வேலை. டிகிரி முடித்த சான்றிதழோடு வந்தால் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். “மொத சம்பளத்துல ஒரு ரூம் எடுப்பேன். ஒரே ஒரு ரூம் போதும். எங்கம்மா கதவ உள்பக்கமாத் தாப்பா போட்டுட்டுத் தூங்கணும்” என்பாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் கேலி பேசமாட்டாள். கடைசிப் பருவத்தில் எழுத்துப் பரீட்சைகள் முடிந்தன, நன்றாகவே எழுதியிருந்தாள். பாக்கி இருந்தது செய்முறைத் தேர்வு ஒன்றுதான்.

அதற்கு முந்தைய வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

தினமும் பச்சைத்தண்ணீரில் குளிக்கிறாள், அதனால்தான் என்று நினைத்தோம். மாத்திரை போட்டாள். சோறு வாசனையே குமட்டுகிறது என்றாள். மூன்றாம் நாள் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கண்ணைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வெள்ளை இருக்கவேண்டிய இடமெல்லாம் மஞ்சள்.

கல்லூரிக்குள்ளேயே ஒரு மருத்துவமனை உண்டு. ஆனால் விடுதி மாணவிகளுக்கு மட்டும்தான், மற்றவர்கள் வெளியில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளி டாக்டருக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அழுவதற்கு எங்கள் மூன்று பேர் பையையும் கவிழ்த்தாலும் போதாது. பெரியம்மா தன் அட்டையை எடுத்து விருந்தாளி கழுத்தில் மாட்டினாள்.

“வேணாம்டி. மாட்டினா உனக்குத்தான் பிரச்சினை” என்றாள் விருந்தாளி.

“வாய மூடிட்டு நட. செத்துத் தொலைஞ்சா அதவிடப் பெரிய பிரச்சினை.”

நான்தான் கூட்டிப் போனேன். அந்த டாக்டர் மோசமானவர் இல்லை. வாசல் வரை கூட்டம், அவர் பாவம் கணினியைப் பார்த்துக்கொண்டே நாக்கை நீட்டச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் முடிவு வந்தது: மஞ்சள் காமாலை. மூன்று வாரம் முழு ஓய்வு, எண்ணெய் இல்லாத சாப்பாடு, யாரோடும் தட்டு டம்ளர் பகிரக்கூடாது. மருந்தை வாங்கிக்கொண்டு, அப்பாடி, பிழைத்தோம் என்று வந்துவிட்டோம். மூன்று பேரும் மூன்று வருடம் கல்லூரியில் படித்தவர்கள், ஒருத்திக்குக்கூட ஒரு விஷயம் உறைக்கவில்லை. அட்டையோடு அட்டைக்காரியின் வீட்டு போன் நம்பரும் அந்தக் கணினியில் இருந்தது.

மறுநாள் காலையில் பெரியம்மாவின் அப்பா விடுதி வாசலில் நின்றார்.

அவர் பஸ் டிரைவர். மருத்துவமனை நர்ஸ் போன் பண்ணி, உங்கள் மகளுக்கு மஞ்சள் காமாலை, வந்து கூட்டிப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். மனிதர் வண்டிச் சாவியை அடுத்த டிரைவரிடம் கொடுத்துவிட்டு, போட்டிருந்த காக்கிச் சட்டையோடு கிளம்பிவிட்டார். வார்டன் மேடம் மூக்கில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு, வாசல் அறையின் அந்தக் கோடியில் நின்று, “சீக்கிரம் கூட்டிட்டுப் போயிடுங்க சார், மத்த பிள்ளைங்களுக்குப் பரவிடப் போகுது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியம்மா கீழே இறங்கினால் எல்லாம் முடிந்தது. ஆள் கொழுக்கட்டை மாதிரி இருப்பாள், கண் ரெண்டும் பால் மாதிரி பளிச்சென்று இருக்கும். நான் ஓடிப்போய் அவரை, “அப்பா, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம் வாங்க” என்று எதிர்க் கடைக்கு இழுத்துப் போனேன்.

“என் பொண்ணு எப்படிம்மா இருக்கா? சாப்பிடறாளா? ராத்திரி பூரா பஸ்ல உக்காந்து வந்தேன். ஓட்டிப் பழகினவனுக்கு உக்காந்து வர்றது நரகம்மா. அந்த ஆளு பிரேக் போடும்போதெல்லாம் என் கால் அமுக்குது.”

எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார், பெரியம்மாவை அடிக்கவே அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் தலையில் கைவைத்துக்கொண்டு, “அப்போ என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையா?” என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “அந்தப் பிள்ளையோட அம்மாவுக்குச் சொன்னீங்களா?” என்றார்.

“சொன்னா என்னப்பா பண்ணுவாங்க? அவங்க இருக்கிறதே அடுத்தவங்க வீட்ல. இந்த நோயோட இவள அங்க விடுவாங்களா?”

டீ ஆறிப்போனது. அவர் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். “சரி. ஒரு பொண்ணக் கூட்டிட்டுப் போன்னு சொன்னாங்க. ஒரு பொண்ணக் கூட்டிட்டுப் போறேன். அவ்வளவுதானே?” என்றார்.

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

விருந்தாளிக்கு முகக்கவசம் மாட்டி, தலையோடு சேர்த்துத் துப்பட்டா சுற்றி, பெரியம்மாவின் அட்டையைத் தொங்கவிட்டு இறக்கினோம். வார்டன் மேடம் கிட்டவே வரவில்லை. அப்பா ஒரு கையில் பையும் மறு கையில் அவளுமாக, “மெதுவா வாம்மா, கண்ணு, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டினார். பெரியம்மா மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள். “எங்கப்பா என்னைக்கூட இவ்வளவு செல்லமாக் கூப்பிட்டதில்லடி” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

அன்றைக்கு நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தோம். செய்முறைத் தேர்வுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் எழுந்து நடமாடிவிடுவாள், ஒரு நாள் வந்து தேர்வை முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டோம். இப்போது ஒளிந்து வாழ்வது பெரியம்மாவின் முறை. பணம் கட்டிய அறையிலேயே திருட்டுத்தனமாக, வார்டன் வரும் நேரத்துக்கு வாளியோடு குளிக்கப் போனாள். முதல் நாளே தும்மிக்கொண்டு வந்து, “அவ எப்படிடி வருஷம் பூரா இதத் தாங்கினா?” என்றாள். சாப்பாடு என் தட்டிலிருந்து போனது. பரிமாறுகிற அக்கா, “அந்தப் பொண்ணு வம்சம் உனக்கும் ஒட்டிக்கிச்சா?” என்றார்.

தேர்வு நாளன்று பெரியம்மாவுக்குத் துணையாகப் பரிசோதனைக் கூடத்து வாசல் வரை நானும் போனேன். யாராவது பார்த்துக் கேட்டால் சண்டை போட ஆள் வேண்டும், அதற்குத்தான் நான் லாயக்கு. விருந்தாளியின் போனுக்காகக் காத்திருந்தோம். அவள் பேசவில்லை, பெரியம்மாவின் அம்மா பேசினார். முந்தைய நாள் ராத்திரியே, பஸ் பிடிக்க எழுந்து, உடை மாற்றி, பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். வெளிக் கதவு வரைக்கும்தான் போக முடிந்திருக்கிறது. நிலைப்படியில் பையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவளைத் தூக்கி வந்து படுக்க வைத்தார்களாம். “நான் போகணும், நான் போகணும்னு ஒரே பொலம்பல். நான் என்னடி பண்ணட்டும்?” என்று அந்த அம்மா போனிலேயே அழுதார்.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன். பேராசிரியர் அவளைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார்.

“நீ எதுக்கும்மா வந்தே? மருத்துவமனையிலேருந்து எனக்குச் சீட்டு வந்துடுச்சே. மூணு வாரம் ரெஸ்ட்ல இருக்கணும் நீ.”

“இல்ல சார், இப்போ நல்லா இருக்கேன் சார். நான் செஞ்சுடறேன் சார்.”

“உடம்பவிடப் பரீட்சை பெருசா? நீ போய்ப் படு. உன் சீட்டு முறையா இருக்கு. அடுத்த மாசம் உனக்கு மட்டும் தனியா வச்சுக்கலாம். பயப்படாதே, ஒரு மார்க் குறைக்க மாட்டேன்.” அத்தனை அன்பாகப் பேசினார். பிறகு கையிலிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, “ஆமா, உன் கூட சுத்துமே, நல்லா வரையற பொண்ணு, அவ எங்க? ஒரு தகவலும் இல்ல. கடைசிப் பரீட்சைக்குக்கூட வராம அப்படி என்ன வேலை? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுப்பே இல்ல” என்றார்.

பெரியம்மா அப்படியே நின்றாள். நான் வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஊரையே கூட்டிச் சண்டை போடுகிறவள் நான், அன்றைக்கு ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. என்னவென்று சொல்வது? நோய் அவளுக்கு சார், சீட்டுத்தான் இவள் பேரில் இருக்கிறது என்று சொல்லவா? அட்டையை அடுத்தவளுக்குக் கொடுத்தால் இரண்டு பேரையும் கல்லூரியை விட்டு நீக்கலாம் என்று அந்த அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. விருந்தாளியின் பேருக்கு நேராக அவர் ‘வரவில்லை’ என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அறைக்கு வந்ததும் பெரியம்மா, “நான் போய் உண்மையச் சொல்லிடறேன்” என்று கிளம்பினாள். நான் தடுக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை, போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. போனில் விருந்தாளிதான் தடுத்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது.

“சொன்னா எனக்குப் பரீட்சை வச்சுடுவாங்களா?”

“மாட்டாங்க. ஆனா—”

“அப்புறம் எதுக்கு? ரெண்டு பேரும் போறதுக்கு ஒருத்தியாவது உருப்படறது மேல். நீ சொன்னேன்னா உங்கப்பா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? இவரு எனக்குத் தெனமும் பழம் உரிச்சுக் கொடுக்கறாருடி.” பிறகு சொன்னாள்: “எங்கம்மாகிட்ட மட்டும் நானே சொல்லிக்கறேன்.”

கண் வெளுத்ததும் விருந்தாளி நேரில் வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பெரியம்மாவின் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த டாக்டரிடம் தன் சொந்தப் பேரில் ஒரு சான்றிதழ் வாங்கி வந்திருந்தாள். பேராசிரியர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“வெளி டாக்டர் சீட்டு செல்லாதும்மா. காசு கொடுத்தா தெருவுக்குத் தெரு கிடைக்குது. நம்ம மருத்துவமனைச் சீட்டு இருக்கணும், இல்லேன்னா ஆஸ்பத்திரியில சேர்த்த ரசீது இருக்கணும்.”

“நெஜமாவே உடம்பு சரியில்ல சார்.”

“எல்லாரும் அதத்தானே சொல்றாங்க. என் கையில என்னம்மா இருக்கு? அடுத்த வருஷம் மறுபடியும் பணம் கட்டிச் சேர்ந்து, இந்த ஒரு பாடத்த முடிச்சுக்கோ.”

அவர் கொடுமைக்காரராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வாசலில் நின்று நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். வார்டன் மேடம், டாக்டர், போன் பண்ணிய நர்ஸ், ஒருத்தர்கூடத் தப்பாக எதுவும் செய்யவில்லை. என் கோபத்தை வைத்துக்கொண்டு நான் யார் மேல் போய் விழுவது?

மருந்துக் கம்பெனிக்கு அவளே போன் பண்ணினாள். அவர்கள் மரியாதையாக, சான்றிதழ் கிடைத்ததும் மறுபடி விண்ணப்பியுங்கள் என்றார்கள். அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அம்மாவிடம் எப்படிச் சொன்னாள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெரியம்மாவின் அப்பா ஒரு தனியார் பஸ் கம்பெனியில் சொல்லி, டிக்கெட் கொடுக்கும் கவுன்டரில் அவளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். அவர்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டாள். அங்கேயும் எல்லார் துணியையும் துவைக்கிறாளாம்.

அடுத்த மாதம் பெரியம்மாவுக்குத் தனித் தேர்வு. அதற்கு முன்னால், உடம்பு தேறிவிட்டது என்று கல்லூரி மருத்துவமனையின் அதே டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும். அவர் கணினியைப் பார்த்துக்கொண்டே, “ரத்தம் சுத்தமா இருக்கு. பத்தியம் நல்லா இருந்திருக்கீங்க, வெரி குட்” என்று கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் பெரியம்மா அந்தச் சீட்டைச் சுக்குநூறாகக் கிழிக்கப் போனாள். நான் பிடுங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். “கிழிச்சா அவளுக்கு என்ன ஆகப்போகுது? சொல்லு” என்று கத்தினேன்.

தேர்வன்று பெரிய கூடத்தில் அவள் ஒருத்திதான். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர் அவளைக் காற்றாடிக்குக் கீழே இருக்கும் மேசைக்கு மாற்றி உட்கார வைத்தார்.

“உடம்பு இப்போ எப்படிம்மா இருக்கு?”

“பரவால்ல சார்.”

“களைப்பா இருந்தா நடுவுல கொஞ்சம் உக்காந்துக்கோ. அவசரமே இல்ல. மஞ்சள் காமாலை ஆளையே உருக்கிடும், எனக்குத் தெரியும்.”

அவ்வளவுதான். பெரியம்மா குடுவையை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பேராசிரியர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். பலவீனம், பலவீனம் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆமாம் சார் என்று சொன்னேன். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெரியம்மா முழுத் தேர்வையும் சரியாகச் செய்து முடித்தாள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். போன் அடித்தது. விருந்தாளி. பெரியம்மா எடுக்கமாட்டேன் என்று தலையை ஆட்டினாள், நான் எடுத்தேன். பின்னால் பஸ் ஹாரன் சத்தமும், சில்லறை கேட்டு யாரோ சண்டை போடும் சத்தமும் கேட்டது.

“என்னடி ஆச்சு? என்ன கொடுத்தாங்க? நான் சொன்னது தானே வந்துச்சு?”

“அதேதான் வந்துச்சு.”

“ஒழுங்கா செஞ்சாளா? பதட்டத்துல எதையாவது கொட்டிட்டாளா?”

“கொட்டல. நல்லா செஞ்சா.”

“அப்போ பாஸ் ஆயிடுவா இல்ல?”

“ஆயிடுவா.”

“அப்பாடா!” என்றாள். அத்தனை நிம்மதியாக, உள்ளே இருந்து வந்த மூச்சு அது. “கொஞ்சம் இருடி, ஆள் நிக்கறாங்க” என்று சொல்லிவிட்டு, யாரிடமோ எந்த ஊருக்கு, எத்தனை டிக்கெட் என்று கேட்க ஆரம்பித்தாள். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.